சந்தனம் மணக்கிற ராசா

அந்தக் கதையை எடுத்தாலே ராமுத்தாய்க்குக் குமட்டிக்கொண்டு வரும். படித்து முடித்தபின் வாயைக் கொப்பளித்தால்தான் சரியாகும் என்று தோன்றும். ஆனால் படிக்காமல் இருக்க முடியாது. அந்தக் கருமத்தைப் படித்தால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

தாயில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் இருந்த அந்த வெடி கம்பெனியில், குழாய் உருட்டுகிற ஷெட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். காகிதத்தைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, பலகையில் ஓர் உருட்டு உருட்டி உருவினால் வெடிக்கான குழாய் கிடைத்துவிடும். ராமுத்தாயும் அப்படி உருட்டிக்கொண்டிருந்தவள்தான், வேகமான கைக்காரி. இரண்டு சீசனுக்கு முன்னால் திரி ஷெட்டில் பற்றிய தீ அவள் வலது கையைப் பிடித்து, மூன்று விரல்களை ஒன்றாக ஒட்டிவிட்டுப் போனது. "கை விளங்காதவளுக்கு இங்கன என்ன வேலை?" என்று போர்மேன் ஊர்க்காவலன் கேட்டான். அப்போது முத்துமாரியம்மாள்தான் எழுந்து சண்டை போட்டாள். ஷெட்டுக்கே மூத்தவள் அவள். அவள் குரலெடுத்தால் போர்மேனுக்கே பேச்சு வராது.

"அவ படிச்சவ. எங்களுக்குக் கதை படிக்கட்டும். அவ பங்குக் குழாயை நாங்க ஆளுக்கு ஒரு பிடி உருட்டிப் போடுதோம். உமக்கு என்ன நட்டம்?" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ராமுத்தாய் படிப்பாள். மற்றவர்கள் சாயங்காலம் ஆளுக்கு ஒரு பிடி குழாயை அவள் கூடையில் போடுவார்கள். சின்ன வயதில் சாத்தூர்ப் பக்கம் ஜெயசீலி டீச்சர் பிரம்பால் விளாசி ஏற்றிய எழுத்து இப்படிச் சோறு போடும் என்று யார் கண்டார்கள்.

கதைக்கும் பஞ்சமில்லை. சிவகாசி அச்சாபீஸ்களில் மை அப்பிப்போன தாள், கோணலாக விழுந்த தாள் எல்லாம் கட்டுக்கட்டாக லோடு ஏறி வெடி கம்பெனிக்குத்தான் வரும். அந்த வருஷம் வந்த லோடில் ஒரு முழு நாவலே இருந்தது. பெரிய தாள் ஒன்றில் எட்டுப் பக்கம், நாலு நேராக, நாலு தலைகீழாக. தாளைத் திருப்பித் திருப்பி அடுத்த பக்கத்தைத் தேடிப் படிக்க வேண்டும். படித்து முடித்த தாள் வெட்டுக்குப் போய், மறுநாள் அவர்கள் பலகைக்கே வந்து குழாயாகிவிடும்.

கதையா அது? மெட்ராஸில் காலேஜ் படிக்கிற ஒருத்தி பாழடைந்த கோயிலைப் பார்க்க வருகிறாள். பௌர்ணமியன்று கோயில் குளத்தில் வழுக்கி விழுகிறாள். முங்கி எழுந்தால் பாண்டிய ராஜா காலம்! கரையில் இளவரசன் குதிரைமேல் நிற்கிறான். போர்க்களத்திலிருந்து மூன்று நாளாக இறங்காமல் வந்தவனாம். அவன் மார்பிலிருந்து சந்தன வாசம் கமழ்ந்ததாம்.

"தூ!" என்றாள் ராமுத்தாய், தாளை மடியில் போட்டு. "மூணு நாள் குதிரை மேல இருந்தவன் மேல சந்தனமா அடிக்கும்? குதிரை நாத்தம்லா அடிக்கும்!"

"நீ சும்மா படிளா. குறுக்க பேசாத" என்றாள் முத்துமாரியம்மாள்.

பெண்கள் கிறங்கிப்போய்க் கிடந்தார்கள். இளவரசன் அவள் கையைப் பிடித்தபோது கல்யாணமாகாத பொன்னுத்தங்கம் பசைக் கிண்ணத்துக்குப் பதில் தண்ணிச் செம்புக்குள் கையை விட்டாள். ராமுத்தாய்க்கு எரிச்சலில் காது சூடாகிவிடும். அந்தக் காலேஜ்காரிக்கு அங்கே ஒரு நாள் பேன் கடித்ததில்லை, வயிறு வலித்ததில்லை, வீட்டுக்குத் தூரமானதில்லை. தொட்டதெல்லாம் பட்டு, தின்றதெல்லாம் பழம். எழுதின பாவி குதிரைமேல் ஏறியிருப்பானா? குதிரை வண்டிக்குப் பின்னாலாவது நடந்திருப்பானா? இவர்கள் எல்லாரும் தங்களை அந்தக் காலேஜ்காரியாக நினைத்துக்கொண்டு உருகுகிறார்களே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஏளா பொன்னுத்தங்கம், நீயும் நானும் அந்தக் காலத்துல போய் எந்திரிச்சா அரமனைக்கா கூட்டிட்டுப் போவான்? குதிரை லாயத்துல சாணி அள்ள விடுவான்."

"அள்ளுவேன். அங்கன நின்னு அவரைப் பாக்கலாம்லா" என்றாள் பொன்னுத்தங்கம். ஷெட்டே சிரித்தது.

கருப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரித்து வருஷம் ஒன்றாகப் போகிறது. போன ஆடி முதல் வெள்ளியன்று மருந்து ரூம் வெடித்தபோது அவள் புருஷன் சங்கையா உள்ளே இருந்தான். மருந்து கலக்க ஆம்பிளைகள் முறை வைத்துப் போவார்கள். அன்றைக்கு முறை சங்கையாவுடையது இல்லை, முத்துமாரியம்மாள் மகன் பெத்தணனுடையது. பெத்தணன் தன் மகளுக்கு இருக்கன்குடி கோயிலில் காதுகுத்து வைத்திருந்தான். "நீ போய்ட்டு வாப்பா, நான் பாத்துக்கிடுதேன்" என்று சங்கையா போனான், போனவன் வரவில்லை. இது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை. முத்துமாரியம்மாள் கருப்பம்மாளுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்து, அதுவே பழக்கமாகிவிட்டது.

அந்தக் கருப்பம்மாள் ஒரு நாள் வாயைத் திறந்தாள்.

"அக்கா, அந்தப் பிள்ளை குளத்துக்குள்ள எப்பிடிப் போச்சு? தலைகீழாவா, கால் முதல்லயா?"

"எப்பிடிப் போனா என்னளா? விழுந்தா, அம்புட்டுத்தான்."

"கண்ணை மூடியிருந்துச்சா?"

மறுநாள், தண்ணி எம்புட்டு ஆழம் இருக்கும் என்று கேட்டாள். அதற்கு மறுநாள், வேண்டிய காலத்துக்குப் போக மனசுக்குள் ஏதும் நினைக்கணுமா என்று கேட்டாள். எல்லாரும் கேலி செய்தார்கள். ராமுத்தாய்தான் அதிகம் செய்தாள். "ஏன், நீயும் ராசாவைக் கட்டப் போறியாக்கும்?" என்றாள். இந்தப் பிள்ளையையும் அந்தக் கூறுகெட்ட கதை கெடுத்துவிட்டதே என்று வயிறு எரிந்தது.

ஆனி மாசக் கடைசியில் ஒரு சாயங்காலம். வேலை விட்டு எல்லாரும் போனபின், கூடையை ஒப்படைத்துவிட்டு ராமுத்தாய் தனியாக நடந்து வந்தாள். பாதையோரம் இடிந்த கமலைக் கிணறு ஒன்று உண்டு. அதன் விளிம்பில் கருப்பம்மாள் குனிந்து நின்றாள். ஒரு கல்லை உள்ளே போட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

ராமுத்தாய் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "என்னளா பண்ணுதே?"

"தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு பாத்தேன் அக்கா. முங்குற அளவுக்கு இருக்கு."

அவள் முகத்தில் அழுகை இல்லை. சந்தைக்குப் போக வண்டி பார்க்கிறவள் மாதிரி சாதாரணமாக இருந்தாள்.

"ராசா காலமெல்லாம் எனக்கு வேண்டாம்க்கா. போன ஆடி போதும். வெள்ளிக்கிழமை காலையில அவுக சோத்து வாளியைத் தூக்கிட்டுக் கெளம்புவாகல்லா, அந்நேரத்துக்குப் போயிருவேன். இன்னைக்கு வேலைக்குப் போகாதீகன்னு ஒரு சொல்லு சொல்லிட்டு வந்துருதேன்."

"வந்துருவியா? எங்கிட்டு வந்துருவே? பொணமாத்தான் மெதப்பே! அடி கிறுக்கி, அது கதை! வயித்துப்பாட்டுக்கு எவனோ எழுதுன பொய்யி!"

"அச்சுல போட்டிருக்கே. பொய்யை அம்புட்டுச் செலவழிச்சு அச்சுல போடுவாகளா?"

"ஏன், நம்ம கம்பெனி டப்பாவுல ஆயிரம் வெடின்னு அச்சுல போடலையா? என்னைக்குளா ஆயிரம் இருந்துச்சு?"

கருப்பம்மாள் அதை யோசித்துப் பார்த்தாள். "ஆயிரம் இல்லாட்டியும் வெடி இருக்கத்தானே அக்கா செய்யுது" என்றாள்.

அவளை வீடு வரைக்கும் கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போனாள் ராமுத்தாய். வீட்டில் துணைக்கு ஆளில்லை. மாமியார்க்காரி மகன் போன கையோடு மல்லாங்கிணற்றில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரில் சொன்னால் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலையைத் தூக்கிக்கொண்டு வந்து, அரை உயிராக இருப்பதையும் அடித்து எடுத்துவிடுவார்கள். ஷெட்டில் படிப்பதை நிறுத்தினாலும் பலனில்லை. குளத்து வழிதான் இவளுக்கு மனப்பாடமாகிவிட்டதே. ஆடி முதல் வெள்ளிக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது.

முகம் தெரியாத அந்த எழுத்துக்காரனை வழியெல்லாம் ஏசினாள். "நாசமாப் போறவனே, நீ பாட்டுக்குக் குளத்தைத் திறந்து விட்டுட்டுப் போயிட்டே. இதை மூடப் போறது யாருலே?"

மூடுவதென்று அவளே முடிவெடுத்தாள். ஷெட்டில் வேறு யாருக்கும் எழுத்துத் தெரியாது. மறுநாள் தாளில் இளவரசனும் காலேஜ்காரியும் அல்லிக் குளத்தில் ஓடம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ராமுத்தாய் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, குளம் வற்றிப்போனதாகப் படித்தாள். தோழி ஒருத்தி அதற்குள் குதித்தாளாம், பாறையில் மண்டை சிதறிச் செத்தாளாம்.

"என்னளா இது, நல்லாப் போய்க்கிட்டிருந்த கதையில இழவைக் கூட்டிட்டான்?" என்று முத்துமாரியம்மாள் கத்தினாள்.

ராமுத்தாய் ஓரக்கண்ணால் கருப்பம்மாளைப் பார்த்தாள். அவள் கம்பியை உருவிக்கொண்டே, "ஒரு குளம் வத்துனா இன்னொண்ணுல தண்ணி கெடக்காதா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் வேறு மாதிரி கட்டினாள். காலேஜ்காரி இன்னும் கொஞ்சம் முந்தின காலத்துக்குப் போய் இளவரசன் முன்னால் நிற்கிறாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. யாரோ பிச்சைக்காரி என்று விரட்டுகிறான். பொய் சொல்லச் சொல்ல, தாமரை முகம், வேல் விழி, தேன் மொழி என்று அந்தப் பாவியின் சொற்களே நாக்கில் வந்து வழிந்தன. சாக்கடையைத் தாண்டப் போய் அதற்குள்ளேயே காலை வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. சீ என்று போனது.

வீட்டுக்குப் போகையில் கருப்பம்மாள் சொன்னாள். "அவுகளுக்கு என்னைத் தெரியாட்டி என்னக்கா, எனக்கு அவுகளைத் தெரியுமில்ல. தூரத்துல நின்னு சொல்லிட்டாப் போச்சு."

ராமுத்தாய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இவள் சாகப் போகிறவள் இல்லையே, சாகிறவளாக இருந்தால் தடுக்கலாம். இவள் தன் புருஷனுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உலை வைக்கப் போகிறவள். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன ஆகும் என்று ஒரு நாளாவது யோசித்தாளா? இதை நினைத்தவுடன் ராமுத்தாய்க்கு வழி தெரிந்தது. தெரிந்த வழி அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை தாளில் இளவரசன் நாலு பக்கத்துக்குக் காலேஜ்காரிக்கு மல்லிகைச் சரம் சூட்டிக்கொண்டிருந்தான். ராமுத்தாய் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அவள் மறுபடியும் முங்கி எழுந்தாள். கரையில் அவன் நின்றான். அவன் மேல் கந்தக வாடை அடித்தது."

"கந்தகமா?" என்றாள் பொன்னுத்தங்கம். "நேத்து வரைக்கும் சந்தனம்லா அடிச்சுது?"

"இப்பிடித்தான் போட்டிருக்கு. கேக்கியா, நிறுத்தட்டுமா?" என்று சீறிவிட்டுத் தொடர்ந்தாள். "எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாத வாடை. காது மடலுக்குப் பின்னால் மஞ்சளாக ஒட்டியிருந்தது."

கருப்பம்மாளின் கை நின்றது. "ஆமா. அங்கனதான் ஒட்டியிருக்கும்" என்றாள்.

ராமுத்தாய் நிமிரவில்லை. "இன்னைக்குக் கோட்டைக் காவலுக்குப் போகாதீக என்று அவள் சொன்னாள். அவன் சிரித்தான். 'இன்னைக்கு என் முறை இல்லை. சிநேகிதன் முறை. அவன் பிள்ளைக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில வச்சிட்டு உக்காந்திருப்பான். நான் போகலைன்னா ஆள் விட்டு அவனைக் கூட்டியாருவாக. பிள்ளையை இறக்கி விட்டுட்டு அவன் வருவான். வரட்டுமா? நீயே சொல்லு.' அவள் வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை."

மெட்ராஸ் காலேஜ்காரியும் பாண்டிய இளவரசனும் தாயில்பட்டிப் பேச்சுப் பேசுவது ராமுத்தாய் காதிலேயே விழுந்தது. நிறுத்த முடியவில்லை. எதிரே முத்துமாரியம்மாளின் பலகைச் சத்தம் அடங்கிவிட்டது. ஒவ்வொரு பலகையாக அடங்கியது.

"அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்" என்று முடித்தாள்.

கருப்பம்மாள்தான் கேட்டாள்.

"திரும்பிப் பாத்தாகளா அக்கா?"

ராமுத்தாய்க்குத் தாளில் எழுத்தே தெரியவில்லை, எல்லாம் கலங்கிக் கிடந்தது. "பாத்தாக" என்றாள். "முக்குல நின்னு ஒருக்காத் திரும்பிப் பாத்துட்டுத்தான் போனாக."

கருப்பம்மாள் எழுந்து வந்து அந்தத் தாளை அவள் கையிலிருந்து வாங்கினாள். வெட்டுக்கு அனுப்பாமல் கையாலேயே நீளநீளமாகக் கிழித்தாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருட்டினாள். பசையில் அவள் கண்ணீரும் விழுந்தது. ஒரு வருஷமாக அழாதவள் அன்றைக்குப் பொழுது சாயும் வரை அழுதுகொண்டே உருட்டினாள். முத்துமாரியம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கூடையைக்கூட ஒப்படைக்காமல் வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக ராமுத்தாய் அந்தக் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தாள். வெயில் ஏறும் வரை யாரும் வரவில்லை. எழுந்து ஷெட்டுக்கு ஓடினாள். கருப்பம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தாள். ராமுத்தாய்க்கு அப்போதுதான் கால் தரையில் பட்டது.

பட்ட காலை முத்துமாரியம்மாள் வாரிவிட்டாள்.

"ஏளா, எந்த அச்சாபீஸ்காரனுக்கு என் பேத்தி காதுகுத்துத் தெரியும்? சொல்லு! எம் மகன் உசுரோட இருக்கான். அதைக் குத்திக்காட்ட உனக்கு ஒரு ராசா கதை கேக்குதோ? நான் வருசம் பூரா தின்ன சோறு தொண்டையில எறங்காமக் கெடக்கேன், அது உனக்குப் பத்தலையா?"

ராமுத்தாய் தலை குனிந்து நின்றாள். முத்துமாரியம்மாள் பேச்சில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. ஊர் பேர் தெரியாத எவனோ ஒருத்தனைக் காறித் துப்பிக்கொண்டிருந்தவள், இவள் வீட்டுப் புண்ணையே கிளறி எடுத்துக் கதை பண்ணிவிட்டாள். தன்மேலேயே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அப்ப இத்தனை நாள் படிச்சதெல்லாம் பொய்யா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, "ஏமாத்துக்காரி!" என்றாள். முத்துமாரியம்மாள் ராமுத்தாயின் கூடையைக் காலால் தள்ளிவிட்டாள். "இனிமே இவளுக்கு யாரும் ஒரு குழாய் போடக் கூடாது. கை இல்லைன்னு பாவம் பாத்தேன், நாக்கு இம்புட்டு நீளம்னு தெரியாமப் போச்சே."

பொன்னுத்தங்கத்துக்கு வேறு கவலை. "அப்ப அந்தக் குளம் வத்தலையாக்கா? தண்ணி இருக்கா?" என்றாள் ஆசையாக.

ராமுத்தாயின் கண் தானாகக் கருப்பம்மாள் பக்கம் போனது.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் கருப்பம்மாள். எழுந்து வந்து, காலையிலிருந்து உருட்டிய குழாய் அத்தனையையும் இரண்டு கையாலும் அள்ளி அந்தக் காலிக் கூடையில் போட்டாள். "நீங்க படிங்கக்கா. ஆனா நம்ம கதை வேண்டாம். சந்தனம் மணக்கிற அந்த ராசா கதையவே படிங்க. அவரு ஒருத்தர்தான் யாரு முறைக்கும் வேலைக்குப் போக வேண்டாம்."

முத்துமாரியம்மாள் தன் பலகையைத் தூக்கினாள். ஒரு வருஷமாகக் காட்டிக்கொண்டிருந்த முதுகைத் திருப்பி, கருப்பம்மாளுக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பிடி குழாயை எடுத்து, ராமுத்தாயின் முகத்தைப் பார்க்காமலே கூடைக்குள் எறிந்தாள்.

"படிச்சுத் தொலை" என்றாள்.

ராமுத்தாய் கட்டிலிருந்து அடுத்த தாளை உருவினாள். திருப்பித் திருப்பிப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். இளவரசன் அங்கே இன்னொரு போரை முடித்துவிட்டு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து நின்றான். இந்தத் தடவை சந்தனத்தோடு சவ்வாதும் கமழ்ந்தது. குமட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. எச்சிலை விழுங்கிக்கொண்டு, ஓர் எழுத்து விடாமல் படித்தாள்.